ஆக்டோபஸ் வாங்கும்போது எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே கூடாது

ஸ்கூபா பயிற்சி முடித்துச் சான்றிதழ் கைக்கு வந்ததும் சொந்தமாகச் சாமான் வாங்க ஆசை வருவது இயல்பு. முதலில் மாஸ்க், ஃபின், பிறகு டைவ் கம்ப்யூட்டர், அதன்பின் ரெகுலேட்டர். கையிருப்பில் பெரும்பகுதி ரெகுலேட்டரிலேயே போய்விடும். கடைசியாக, மாற்று மூச்சுக் கருவியான ஆக்டோபஸ் பக்கம் திரும்பும்போது பர்ஸ் இளைத்திருக்கும். "அது சும்மா ஸ்பேர்தானே சார், இருக்கறதுலயே கம்மி விலைல ஒண்ணு குடுங்க" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர்.

கேட்பதில் தவறில்லை. ஆக்டோபஸுக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்தும். ஆனால் அதை ஸ்பேர் என்று நினைப்பது ஆபத்து. வண்டியின் ஸ்டெப்னியை ஓரமாக நிறுத்தி நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். ஆக்டோபஸ் வாய்க்குப் போகும் நேரம் அப்படிப்பட்டதல்ல. காற்று தீர்ந்துபோன ஒருவர் கையை நீட்டிக்கொண்டு உங்களை நோக்கி வருவார். அவர் உங்கள் மனைவியாக இருக்கலாம், மகனாக இருக்கலாம், அன்று காலை படகில்தான் அறிமுகமானவராகவும் இருக்கலாம். வாயில் வைத்து அவர் இழுக்கும் முதல் மூச்சிலேயே காற்று வந்தாக வேண்டும். தண்ணீர் வரக் கூடாது. வாங்கும்போது அந்த முதல் மூச்சை மனதில் வைத்துக்கொண்டால், எந்தச் செலவைக் குறைக்கலாம், எதில் கைவைக்கக் கூடாது என்பது விளங்கிவிடும்.

சிலிண்டருக்குள் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. சிலிண்டர் வாயில் மாட்டுகிற ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைத்து ஹோஸுக்குள் விடுகிறது. இதற்கு இடைநிலை அழுத்தம் என்று பெயர். வாயில் வைக்கிற செகண்ட் ஸ்டேஜ் அதையும் குறைத்து, நாம் இழுக்கும்போது மட்டும் நீரின் அழுத்தத்துக்கு ஈடாகக் காற்றைத் தருகிறது. ஆக்டோபஸ் என்பது அதே ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து கிளம்பும் இன்னொரு செகண்ட் ஸ்டேஜ். பளிச்சென்று தெரிய மஞ்சள் நிறம், அடுத்தவருக்கு எட்ட ஒரு மீட்டரை ஒட்டிய நீளத்தில் ஹோஸ். அவ்வளவுதான். அதனால் கிடைப்பது கூடுதலாக ஒரு வாய்; காற்று அதே சிலிண்டரிலிருந்துதான் வருகிறது.

இது முக்கியம். ஏனென்றால் முக்குளிப்பு விபத்துகளில் கருவி கெட்டுப்போவதைவிடக் காற்று தீர்ந்துபோவதுதான் அதிகம். 1992 முதல் 2003 வரை நிகழ்ந்த 947 ஸ்கூபா மரணங்களை டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க், அதாவது ‘டான்’ அமைப்பின் ஆய்வாளர்கள் அலசினார்கள். விபத்தைத் தொடங்கிவைத்தது எது என்று கண்டுபிடிக்க முடிந்த சம்பவங்களில் 41 சதவீதம் காற்றுப் பற்றாக்குறை. கருவிக் கோளாறு 15 சதவீதம். ஆகவே உங்கள் ஆக்டோபஸை உங்களைவிட, கூட வருகிறவர் பயன்படுத்தவே வாய்ப்பு அதிகம். அதுவும் சிலிண்டரில் காற்று குறைந்த நேரத்தில், இரண்டு பேர் ஒரே சமயத்தில் இழுக்கும்போது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் கடற்கரைகளில் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர். மானி 50 பார் காட்டுகிறது என்றால் உள்ளே இருப்பது 550 லிட்டர் காற்று. ஆழம் 18 மீட்டர். புதுச்சேரிக் கடலில் பலரும் இறங்குகிற ஆழம்தான். அங்கே அழுத்தம் மேற்பரப்பைப்போல 2.8 மடங்கு. பதற்றத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பார் என்று வைத்துக்கொண்டால், இருவருக்கும் சேர்த்து 60; அந்த அழுத்தத்தோடு பெருக்கினால் நிமிடத்துக்கு 168 லிட்டர். ஆக்டோபஸை எடுத்துக் கொடுத்து, கையைப் பிடித்து, அமைதிப்படுத்த ஒரு நிமிடம் ஆகிறது. நிமிடத்துக்கு 9 மீட்டர் என்று மேலே வர இரண்டு நிமிடம். அதற்கு சுமார் 228 லிட்டர். மேலே வந்து சேரும்போது மிச்சம் 150 லிட்டரைச் சற்றே தாண்டும். வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க 270 லிட்டர் தேவை. அதற்குக் காற்று இல்லை. 50 பாரில் ஆரம்பித்தால் கதை இப்படித்தான் முடியும். எவ்வளவு விலை உயர்ந்த ஆக்டோபஸும் இந்தக் கணக்கை மாற்றாது. மானியைப் பார்த்து முன்கூட்டியே திரும்புவதற்குக் காசு தேவையில்லை.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. நிமிடத்துக்கு 168 லிட்டரையும் தள்ள வேண்டியது ஒரே ஒரு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். விலை குறைந்த, சமன்படுத்தப்படாத பிஸ்டன் வகையில் சிலிண்டர் அழுத்தம் இறங்க இறங்க இடைநிலை அழுத்தமும் இறங்கும். ஆழம் குறைந்த இடத்தில் தனியொருவர் நிதானமாக மூச்சுவிடும்போது இது தெரியவே தெரியாது. அந்த வகை எளிமையானது, நீடித்து உழைப்பது, அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கடைசி 50 பாரில் இரண்டு பேர் வேகமாக இழுத்தால் மூச்சு இறுகும். கையில் கொஞ்சம் கூடுதல் பணம் இருக்கிறதா? அதை ஆக்டோபஸில் போடாதீர்கள். பேலன்ஸ்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் போடுங்கள். அங்கே போடும் காசு இரண்டு வாய்க்கும் போய்ச் சேரும்.

குறைக்கக்கூடிய செலவுகள்

முதல் குறைப்பு, செகண்ட் ஸ்டேஜின் அந்தஸ்து. பேலன்ஸ்டு, மூச்சின் கடினத்தைத் திருகிச் சரிசெய்யும் குமிழ், டைட்டானிய உறுப்புகள் எல்லாம் நீங்கள் நாள் முழுக்கச் சுவாசிக்கிற ரெகுலேட்டருக்குச் சுகம் தரலாம். ஆக்டோபஸுக்கு வேண்டாம். சாதாரண டவுன்ஸ்ட்ரீம் வால்வு போதும். அதில் உறுப்புகள் குறைவு, சர்வீஸ் சுலபம். ஏதாவது தவறினால் மூடிக்கொள்ளாமல் திறந்துகொண்டு காற்றைக் கொட்டும். மூடிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பழுதாகி இடைநிலை அழுத்தம் ஏறினால்கூட, இந்த வால்வு திறந்து அழுத்தத்தை வெளியேற்றி ஹோஸைக் காப்பாற்றும். மாரெஸ், கிரெஸ்ஸி, ஸ்கூபாப்ரோ, அக்வாலங் என்று நாள்பட்ட நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இப்படியொரு அடிமட்ட விலை வரிசை உண்டு. வெளிநாட்டுக் கடைகளில் சுமார் 100 முதல் 200 டாலருக்குள் கிடைக்கும். அதற்கு மேல் கொடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஆக்டோபஸ் உங்கள் முதன்மை ரெகுலேட்டரைவிடச் சற்றுக் கடினமாக இழுப்பதாகத் தோன்றினால் பயப்பட வேண்டாம். வேண்டுமென்றேதான் அப்படி வைக்கிறார்கள். இலேசாக வைத்தால் மார்பில் தொங்கும்போதே நீரோட்டம் பட்டுக் காற்றைக் கொட்டத் தொடங்கிவிடும்.

இரண்டாவது குறைப்பு, குளிர். ஐரோப்பாவின் இஎன் 250 தரநிர்ணயத்தில் 4 டிகிரி நீரில் உறையாமல் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. அந்தச் சோதனைக்கு உட்படாத கருவியில் 10 டிகிரிக்கு மேற்பட்ட நீருக்கு மட்டும் என்று பொறித்திருப்பார்கள். அந்தமானிலும் ராமேஸ்வரத்திலும் புதுச்சேரியிலும் திருகோணமலையிலும் முக்குளிக்கிறவருக்கு அந்த 10 டிகிரி வரம்பு ஒரு பொருட்டே இல்லை. ஏரியின் பனிக்கட்டிக்கு அடியில் இறங்குகிறவருக்கான கருவியை நாம் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் அதே பொறிப்பில் ஓர் எழுத்தை மட்டும் விடாமல் தேடுங்கள். இஎன் 250 என்பதன் பின்னால் ‘ஏ’ என்ற எழுத்து இருந்தால், ஆக்டோபஸோடு சேர்த்து இரண்டு பேர் ஒரே சமயம் சுவாசிப்பதற்கும் அந்தக் கருவி சோதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். நமக்கு வேண்டிய உறுதி அதுதான். ஹோஸின் திருகு பெரும்பாலும் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றே என்பதால் எந்த ஆக்டோபஸும் எந்த ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலும் மாட்டிக்கொள்ளும். ஆனால் நிறுவனம் சோதித்தது தன்னுடைய ஜோடியைத்தான். இரண்டும் ஒரே நிறுவனமாக இருந்தால் இன்னொரு லாபம்: சர்வீஸ் கிட் ஒரே இடத்தில் கிடைக்கும், பழுதுபார்ப்பவரும் ஒருவரே.

ஏற்கெனவே ரெகுலேட்டர் வைத்திருந்து புதிது வாங்குகிறவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இருக்கிறது. பழைய செகண்ட் ஸ்டேஜை சர்வீஸ் செய்து, மஞ்சள் மூடி போட்டு, நீள ஹோஸில் மாட்டி ஆக்டோபஸாக்கிவிடலாம். அதன் குணம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நான் சொல்லக்கூடிய வழிகளில் இதுவே சிறந்தது.

குறைக்கக் கூடாதவை

சர்வீஸ்தான் முதலாவது. பெரும்பாலான நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 100 டைவுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கின்றன. சில நிறுவனங்கள் இரண்டு ஆண்டு தருகின்றன. ஓ-ரிங், வால்வு சீட் எல்லாம் மாற்ற வேண்டியவை. ஆக்டோபஸ் பயன்படுத்தாமலே கிடக்கிறது என்பதற்காக அதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். சும்மா தொங்கினாலும் வால்வு சீட் அழுந்திக்கொண்டேதான் இருக்கிறது, உப்பும் மணலும் ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆக, ஒரு ஆக்டோபஸின் விலை என்பது வாங்கிய விலையோடு ஐந்து வருட சர்வீஸ் செலவும் சேர்ந்ததுதான். அந்தக் கணக்கில், உதிரிபாகம் கிடைக்காத மலிவுச் சரக்குதான் எல்லாவற்றிலும் அதிக விலை. முதல் கோளாறிலேயே குப்பைக்குப் போய்விடும். வாங்குமுன் கடைக்காரரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இதோட கிட் உங்ககிட்ட ஸ்டாக் இருக்கா? சர்வீஸ் இங்கயே பண்ணுவீங்களா, வெளியூர் அனுப்புவீங்களா?" பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடை.

இரண்டாவது, வைக்கும் இடம். தாடைக்கும் விலா எலும்பின் கீழ்முனைக்கும் நடுவில் உள்ள முக்கோணத்துக்குள் ஆக்டோபஸ் இருக்க வேண்டும்; இழுத்தால் வந்துவிட வேண்டும், தானாகக் கழன்று தொங்கக் கூடாது. கீழே தொங்கினால் பவளத்தை உடைக்கும், மணலை அள்ளிக்கொள்ளும். மணல் புகுந்த வால்வு தேவைப்படும் நேரத்தில் ஒன்று கொட்டும், இல்லையென்றால் சிக்கிக்கொள்ளும். இதற்கான பிடிப்பு மிகக் குறைந்த செலவில் கிடைக்கிறது, வாங்குவதற்குத்தான் ஆளில்லை. காற்று தானாகக் கொட்டாமல் தடுக்கும் வெஞ்சுரி நெம்புகோல் உள்ள மாடலாக இருந்தால் அது மைனஸ் பக்கம் இருக்கிறதா என்றும் நீரில் இறங்குமுன் பாருங்கள்.

மூன்றாவது, கொடுக்கும் விதம். சாதாரண செகண்ட் ஸ்டேஜைத் தலைகீழாக வாயில் வைத்தால், விடும் மூச்சையும் நீரையும் வெளியேற்றும் வால்வு மேலே போய்விடும். உள்ளே தண்ணீர் தேங்கும், அடுத்த இழுப்பில் தண்ணீரும் சேர்ந்து வரும். பதறுகிறவர் எந்தப் பக்கம் மேல் என்று பார்க்கமாட்டார். இடது, வலது இரண்டு பக்கத்திலிருந்தும் வைக்கும்படி பக்கவாட்டு வெளியேற்றத்தோடு வரும் மாடல் அதே விலையில் கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் சரியான பக்கம் கொடுத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆக்டோபஸுக்குப் பதிலாக வேறு வழிகளும் பேசப்படுகின்றன. மிதப்பைக் கட்டுப்படுத்தும் பிசிடி ஜாக்கெட்டின் இன்ஃப்ளேட்டரோடு சேர்ந்தே வரும் செகண்ட் ஸ்டேஜ் ஒரு ஹோஸை மிச்சப்படுத்தும். ஆனால் விலை கூடுதல், ஆபத்தில் உங்கள் வாயில் இருப்பதை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் இதற்கு மாற வேண்டும், அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டரோடு வரும் போனி பாட்டில்தான் உண்மையான மாற்றுக் காற்று. ஆனால் சிக்கனத்துக்கு அது ஒத்துவராது. இந்தியாவுக்குள் அழுத்த சிலிண்டர் இறக்குமதி செய்ய வெடிபொருள் பாதுகாப்புத் துறையான பெசோவின் உரிமம் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இணையத்தில் வீடியோவுக்கு வீடியோ வருகிற கையடக்க சிலிண்டர்களைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. அரை லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் 100 லிட்டர் காற்று. 18 மீட்டரில் பதறிய ஒருவருக்கு அது ஒரு நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். அதுவும் முழுமையாக, சுத்தமான காற்றால் நிரப்பியிருந்தால். கைபம்பால் அடித்து நிரப்பும்போது ஈரமும் எண்ணெய்ப் புகையும் உள்ளே போகாமல் தடுக்கச் சரியான வடிகட்டி இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? இதைவிடப் பெரிய ஆபத்து, பயிற்சியே இல்லாதவர்கள் இதை நம்பி இறங்குவது. நீருக்கடியில் அழுத்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரல் கிழியும். இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்தும் அது நடக்கும். இதை உங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய சரக்கு, பெயரில்லாத சரக்கு

செகண்ட் ஹேண்டில் வாங்குவது நல்ல வழிதான், கேட்கும் விலையோடு முழு சர்வீஸ் செலவையும் சேர்த்துப் பார்த்து, அப்போதும் புதியதைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால். விற்பவர் "போன மாசம்தான் சர்வீஸ் பண்ணேன்" என்றாலும் ரசீது காட்டாதவரை சர்வீஸ் ஆகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் பெயரைப் போட்டு, அதைத் தயாரிப்பு நிறுவனமோ அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமோ திரும்பப் பெற்றிருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.

பிறகு கையால் பாருங்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாயில் சல்லடைபோல ஒரு சிறு வடிகட்டி தெரியும். அது பச்சை பூத்திருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது; துருநிறமாக இருந்தால் துருப்பிடித்த இரும்பு சிலிண்டரின் தூள் ஏறியிருக்கிறது. ஹோஸ் முனையில் உள்ள ரப்பர் உறையைப் பின்னால் தள்ளி, உலோகப் பிடியை ஒட்டி வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். வெடிப்பெல்லாம் அந்த உறைக்குக் கீழேதான் ஒளிந்திருக்கும். பின்னல் உறை போட்ட ஹோஸாக இருந்தால் வெளியே பார்த்து எதுவும் சொல்ல முடியாது. வெப்பக் கடல்களில் அவற்றின் உட்குழாய் படிகமாக உதிர்ந்து காற்றையே அடைத்த சம்பவங்களைப் பற்றி டான் எச்சரித்திருக்கிறது. பழைய பின்னல் ஹோஸை நான் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். ஹோஸை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்பகுதியை இறுக்கும் கட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது அறுந்துபோனால், மூச்சுக்கு ஏங்குகிறவரின் பல்லில் ரப்பர் மட்டும் மிஞ்சும்.

அடுத்தது, காற்றைத் திறக்கும் முன் ஒரு சோதனை. ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாயை மூடியால் அடைத்துவிட்டு, செகண்ட் ஸ்டேஜை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சுங்கள். ஒன்றும் வரக் கூடாது. உதட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காற்று கசிந்து வந்தால் டயாஃப்ரமோ வெளியேற்று வால்வோ கிழிந்திருக்கிறது. தரையில் காற்று நுழைகிற அந்த வழியில்தான் கடலில் தண்ணீர் நுழையும்.

பிறகு காற்றைத் திறந்துவிட்டு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். செகண்ட் ஸ்டேஜை வாய்ப்பகுதி வானம் பார்க்க, அழுத்தினால் காற்றைக் கொட்டும் பர்ஜ் பொத்தான் கீழே இருக்கும்படி பிடித்து, மெதுவாக நீருக்குள் இறக்குங்கள். பொத்தானுக்குப் பின்னால் உள்ள ரப்பர்த் தகடு நீர்மட்டத்துக்குக் கீழே கொஞ்சம் போனதும் உஸ்ஸென்று காற்று கிளம்பும். கிளம்பிய அந்தக் கணத்தில் தகடு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, வால்வைத் திறக்க மூச்சு அவ்வளவு பாடுபட வேண்டும். ஆக்டோபஸில் அது சுமார் 4, 5 சென்டிமீட்டர் இருக்கலாம். எட்டுக்குப் போனால் கையிலிருப்பது சர்வீஸுக்குப் போக வேண்டியது. இரண்டுக்கும் குறைவாக இருந்தால் கடலில் சும்மா சும்மா கொட்டும். பர்ஜை அழுத்தி விட்டதும் காற்று சட்டென்று நிற்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இடைநிலை அழுத்த மானி ஒன்று கிடைத்தால் பிசிடி ஹோஸில் மாட்டி, பத்துப் பதினைந்து முறை பர்ஜ் செய்து, முள் 9, 10 பாருக்குத் திரும்பி அங்கேயே நிற்கிறதா என்று ஐந்து நிமிடம் கவனியுங்கள். முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் சீட் தேய்ந்துவிட்டது.

வாடகைக் கருவிக்கும் இவற்றில் பாதி பொருந்தும். படகு கிளம்பும் முன் இரண்டு செகண்ட் ஸ்டேஜிலும் நாலைந்து முறை இழுத்துப் பாருங்கள், கண் மானியில் இருக்கட்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் இறங்கி ஏறினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை, அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது. கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பணம் கொடுத்து சேவை பெறுகிறவர் நீங்கள். திருப்தியில்லாத கருவியோடு இறங்கமாட்டேன் என்று சொல்லவும் உரிமை உண்டு. நல்ல பயிற்றுநர் அதற்காகக் கோபிக்கமாட்டார்.

பெயர் தெரியாத மலிவு ஆக்டோபஸ்கள் இணையச் சந்தைகளில் ஏராளம். ‘சிஇ’ முத்திரையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐரோப்பியச் சட்டத்தில் சுவாசக் கருவி மூன்றாம் வகை, அதாவது உயிராபத்தைத் தடுக்கும் பாதுகாப்புச் சாதனம். ஆகவே சிஇ எழுத்தை அடுத்து, உற்பத்தியைக் கண்காணிக்கும் அமைப்பின் நான்கு இலக்க எண் இருந்தே ஆக வேண்டும். எண் இல்லாத வெறும் எழுத்தை யாரும் அச்சடித்துக்கொள்ளலாம்.

வாங்கியபின் கோளாறு என்றால்

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஸ்கூபா கருவிக்கும் பொருந்தும். அதன் பலனைப் பெற முதல் தேவை பில். ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று பில் இல்லாமல் வாங்காதீர்கள். சிக்கனத்தின் பெயரில் நாம் விட்டுக்கொடுக்கும் மிகப் பெரிய உரிமை அதுதான். பில் கொடுக்க மறுப்பதே இச்சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்கட்டும். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினால், அவர் வியாபாரி அல்ல என்பதால் இந்தச் சட்டத்தின் துணை பொதுவாகக் கிடைக்காது. வாளிச் சோதனையை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

இணையத்தில் வாங்கினால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூடுதலாகத் துணை நிற்கும். அந்த நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் விற்பவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்க முடியாது. வாங்கும் அன்றே விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் போனதும் அந்தப் பக்கம் மாறிவிடலாம்.

நம் நாட்டில் கிடைக்கும் ரெகுலேட்டர் பெரும்பாலும் இறக்குமதி. "நாங்க வித்தோம், அவ்வளவுதான், கம்பெனி இத்தாலியில இருக்கு, அவங்கள கேளுங்க" என்ற பதில் வரலாம். குறையுள்ள பொருளால் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேர்ந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 86 அந்தப் பதிலை ஏற்பதில்லை. தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டாலோ, இந்தியச் சட்டம் அவரை எட்டாவிட்டாலோ, விற்பவரே பொறுப்பேற்க வேண்டியிருக்கும். இந்தச் சட்டத்தில் விற்பவர் என்பதில் இறக்குமதியாளரும் அடக்கம். ஆனால் பிரிவு 87 மறுபக்கத்தைச் சொல்கிறது: பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்பவர்மீது வழக்கு நிற்காது. வீடியோ பார்த்து வீட்டிலேயே சர்வீஸ் செய்து காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள், மூச்சோடு சேர்த்து இந்த உரிமையையும் பணயம் வைக்கிறார்கள்.

வாடகைக் கருவியில் விபத்து நேர்ந்தால் பலரும் பின்வாங்குவதற்குக் காரணம், படகேறும்போது கையெழுத்திட்ட பொறுப்பு விலக்குப் படிவம். கையெழுத்துப் போட்ட ஒரே காரணத்தால் சேவைக் குறைபாட்டுக்கு எதிரான உங்கள் உரிமை தானாக அழிந்துவிடுவதில்லை. கருவி பராமரிக்கப்பட்டதா, மேற்பார்வை இருந்ததா என்பதை நுகர்வோர் ஆணையம் தனியே பார்க்க முடியும்.

சொந்தமாக வாடிக்கையாளர்களை அழைத்துப்போகும் பயிற்றுநர்கள், வணிக நோக்கத்துக்கு வாங்கியதால் நாங்கள் நுகர்வோர் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவரையும் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

புகாரை முதலில் எழுத்தில் கடைக்காரருக்கு அனுப்புங்கள். பலன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை அங்கே போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும், தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும்.

குறை கண்ணுக்குத் தெரியாததாக இருந்தால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆகவே கோளாறான ஆக்டோபஸையும், அது மாட்டியிருந்த ஃபர்ஸ்ட் ஸ்டேஜையும், முடிந்தால் சிலிண்டரையும் இருந்தபடியே வையுங்கள். மானி காட்டிய அளவையும் சிலிண்டரின் எண்ணையும் அன்றே படமெடுத்து, டைவ் கம்ப்யூட்டரின் பதிவைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். பார்த்துத் தருகிறேன் என்று கடைக்காரர் கேட்டாலும், சீரியல் எண் எழுதிய ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கொடுக்க வேண்டாம். என்ன கோளாறு என்று பார்க்கிற ஆவலில் நீங்களும் திருகைத் தொடாதீர்கள்.